டோக்கியோவில் குடும்பத்தோடு சுஷி: எந்தக் கடையில் தொடங்குவது, வீட்டில் எதைச் செய்வது?

நிஷிகசாய்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தம் டோக்கியோவுக்குக் குடிவந்து, எதொகவா வட்டத்தின் நிஷிகசாய் பகுதியில் வசிக்கிறோம். இங்கே நம்மவர்கள் நிறைந்திருப்பதால் உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. அந்த வசதியே சோம்பலாகி, ஜப்பானிய உணவு என்றால் ராமென், கறிச்சோறு, பெட்டிக்கடை ஒனிகிரி என்னும் சோற்றுருண்டை என்ற மூன்றோடு நின்றுவிட்டோம். வினிகர் கலந்த சோற்றோடு மீனைச் சேர்த்துத் தரும் சுஷிக் கடைகளை நாள்தோறும் கடந்துதான் போகிறேன். உள்ளே போனால் எதைக் கேட்பது, எவ்வளவு செலவாகும், முறை தெரியாமல் எதையாவது செய்து பிறர் முகம் சுளிக்கும்படி ஆகிவிடுமோ என்ற தயக்கம் இன்னும் விடவில்லை.

அடுத்த மாதம் என் தம்பியும் அவன் மனைவியும் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள். என் மாமியாரும் உடன் வருகிறார். தம்பிக்கு மீன் என்றால் உயிர், ஆனால் பச்சை மீன் என்றதும், "அண்ணே, அது வயித்துக்குச் சேருமா?" என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டான். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவர். மகளுக்கு ஆறு வயது, காரம் ஆகாது.

முதன்முறை செல்வோருக்குத் தட்டுகள் சுழன்று வரும் கடை போதுமா, அல்லது செலவானாலும் சமையற்காரர் எதிரே நின்று சுஷியைக் கையால் பிடித்துத் தரும் கடைக்குத்தான் போக வேண்டுமா? வீட்டில் செய்வதென்றால் எங்களிடம் மூட்டையாக இருக்கும் பொன்னி அரிசி உதவுமா? சைவர்களுக்கு வெள்ளரிக்காயைத் தவிர ஏதேனும் மிஞ்சுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

தொயோசுக்கரை பதில்:

வணக்கம் நண்பரே. குழந்தையையும் பெரியவரையும் அழைத்துக்கொண்டு முதன்முறை போகிறவர் தயங்காமல் சுழலும் சுஷிக் கடையில் தொடங்கலாம். பெரும்பாலான கிளைக் கடைகளில் ஒவ்வொரு மேசைக்கும் தொடுதிரை உண்டு. அதில் மொழியை மாற்றிக்கொள்ளலாம், படத்தைப் பார்த்தே கேட்கலாம். 2023இல் சிலர் சுழலும் பட்டையில் வந்த உணவின்மீது குறும்பு செய்து அதைப் படம்பிடித்துப் பரப்பிய பிறகு, பல கடைகளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தட்டுகள் சுற்றிக்கொண்டிருப்பது நின்றுவிட்டது. நாம் கேட்டது மட்டும் நேராக நம் மேசைக்கு வந்து நிற்கிறது. 100 யென் தட்டின் காலம் முடிந்துவிட்டது என்றாலும், நான்கைந்து பேர் வயிறார உண்டு எழுந்திருக்க இதைவிடச் சிக்கனமான சுஷிக் கடை டோக்கியோவில் இல்லை.

மகளுக்குக் கேட்கும்போது "சபி-நுகி" என்ற தெரிவை அழுத்துங்கள். வசாபி என்னும் காரமான பச்சை விழுது இல்லாமல் வரும். இந்தக் கடைகள் பலவற்றில் வசாபியைத் தனிப் பொட்டலமாகவே வைத்துவிடுகிறார்கள் என்பதால் பெரும்பாலும் அந்தக் கவலையே எழாது. மேசையோரத்தில் கருப்புப் பொத்தானோடு ஒரு சிறு குழாய் இருக்கும். பச்சைத் தேயிலைத் தூளைக் கோப்பையில் போட்டுக் கோப்பையாலேயே அந்தப் பொத்தானை அழுத்தினால் கொதிநீர் வரும். அதைக் கை கழுவும் குழாய் என்று எண்ணிப் புதியவர்கள் கையை நீட்டுவதுண்டு. குழந்தை இருப்பதால் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

கேட்கும் வரிசைக்குச் சட்டம் ஏதுமில்லை. ஆனாலும் ஜப்பானிய மொழியில் தாய், ஹிராமே எனப்படும் மென்சுவை வெள்ளை மீன்களிலும் கணவாயிலும் தொடங்கி, பிறகு சூரை மீனின் சிவப்புச் சதை, அதன் வயிற்றுப்பகுதி என்று கொழுப்பு மிகுந்தவற்றுக்குப் போய், இனிப்பான குழம்பு பூசிய கடல் விலாங்கில் முடித்தால் முன்னதன் சுவையைப் பின்னது மறைக்காது. தம்பிக்கு முதலில் வெந்த இறாலையும் விலாங்கையும் கொடுங்கள். அவை இரண்டும் சமைத்தவை என்பதால் பச்சை மீனைப் பற்றிய அச்சம் தானாகக் கரையும்.

நிகிரி எனப்படும் கையால் பிடித்த சுஷியைக் கையால் உண்ணலாம். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்து ஊற விடாமல், சற்றே சாய்த்து மீனின் பக்கத்தைச் சோயா சாஸில் தொட்டுக்கொள்ள வேண்டும். சோற்றைத் தோய்த்தால் அது உதிர்ந்து கிண்ணத்தில் மிதக்கும். ஊறுகாய் இஞ்சியைச் சுஷியின்மேல் வைக்காமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாயைத் துப்புரவாக்கக் கடித்துக்கொள்வது வழக்கம்.

எதிரே நின்று பிடித்துத் தரும் கடையை விட்டுவிட வேண்டாம். நீங்களும் தம்பியும் மட்டுமாக ஒருநாள் மதிய வேளையில் போய்வாருங்கள். இரவில் எட்டாத விலை சொல்லும் கடைகள் பலவும் மதியத்தில் கட்டுப்படியான விலைக்கு ஒரு தொகுப்புத் தருகின்றன. முன்பதிவு செய்துவிட்டு, அன்று வாசனைத் திரவியம் பூசாமல் போவது மரியாதை. வைத்த கணமே எடுத்து உண்ண வேண்டும். படம் எடுப்பதற்காகக் காத்திருந்தால் சோற்றின் இளஞ்சூடு போய்விடும். அந்த இளஞ்சூட்டுச் சோறும் குளிர்ந்த மீனும் வாயில் ஒன்றுசேர்வதற்குத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறோம்.

அங்கே கொஹாதா இருந்தால் கேளுங்கள். மத்திக்கு உறவான சிறு மீன் அது; வெள்ளித் தோலில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதைப் பிளந்து, முள் நீக்கி, உப்பில் வைத்து, கழுவி, வினிகரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். 1820களில் எதோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனயா யோஹெய் என்பவர் நிகிரியைப் பரப்பினார் என்பார்கள். ஐஸ் இல்லாத அக்காலத்தில் விரிகுடா மீனைக் காக்க உப்பும் வினிகரும் சோயா சாஸும்தான் இருந்தன. அன்றைய நிகிரி இன்றையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. தெருவோரக் கடையில் நின்றபடி உண்பது. கெட்டுவிடும் என்று அன்று ஒதுக்கப்பட்ட சூரையின் கொழுத்த வயிற்றுப்பகுதிக்குத்தான் இன்று எல்லாவற்றையும்விட விலை அதிகம். சமையற்காரரின் கைத்திறனை அறிய எனக்குக் கொஹாதாவே போதும். சூரை மீனின் பெருமையில் பாதி மீன் சந்தையைச் சேரும்.

பழமையான சில கடைகளில் சால்மன் இருக்காது. தம்பி ஏமாற வேண்டாம். பசிபிக் சால்மனில் ஒட்டுண்ணி மிகுதி என்பதால் ஜப்பானியர் பொதுவாக அதைப் பச்சையாக உண்டதில்லை. 1980களின் நடுவில் நார்வே தன் பண்ணைச் சால்மனை விற்பதற்காக இங்கே நடத்திய பெரும் விளம்பர முயற்சிக்குப் பிறகே அது சுஷியின்மேல் ஏறியது. இன்று பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒசாகா அத்தை பதில்:

தொயோசுக்கரை சொன்னவற்றில் ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். சுழலும் சுஷி எங்கள் ஊர்ச் சரக்கு. ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்வதைக் கண்டு, 1958இல் இன்றைய ஹிகாஷி-ஒசாகாவில் முதல் கடையைத் திறந்தார். 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகுதான் அது நாடெங்கும் பரவியது. எதோ நகரத்துக்காரர்களுக்கு மட்டுமே சுஷி சொந்தம் என்ற தொனியை எங்கள் பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நிஷிகசாய்வாசி, வீட்டில் நிகிரி பிடிக்க முயல வேண்டாம். ஜப்பானியக் குடும்பங்களே அதை அரிதாகத்தான் செய்கின்றன. பிடிகொழுக்கட்டைபோல அழுத்தினால் சோறு கட்டியாகும், அழுத்தாவிட்டால் கையிலேயே உதிரும். அந்தப் பக்குவத்துக்கு ஆண்டுகள் வேண்டும். விருந்தினர் வந்தால் இங்கே வீடுகளில் செய்வது தெமாகி. நடுவில் சோறு, சுற்றிலும் தட்டுகளில் மீனும் காயும், ஆளுக்கு ஒரு கட்டு நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள். அவரவர் கையாலே சுருட்டி உண்ண வேண்டியதுதான். உங்கள் வீட்டில் மீன் உண்பவர், சைவர், குழந்தை மூவரும் ஒரே மேசையில் அமர இதைவிடப் பொருத்தமான உணவு வேறில்லை.

பொன்னி உதவாது. அந்த வகை அரிசியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து மிகுதி. ஆறியதும் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். புழுங்கலாக இருந்தால் இன்னும் மோசம். கொஷிஹிகாரியோ வேறெந்தக் குட்டை ஜப்பானிய அரிசியோ வாங்குங்கள். 2025இல் 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியபோது எல்லோரும் புலம்பினோம் என்பது வேறு கதை. உங்கள் குடும்பத்துக்கு மூன்று கோ போதும். ஒரு கோ என்பது 180 மி.லி., எடையில் ஏறத்தாழ 150 கிராம். தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விடுங்கள். குக்கர் பாத்திரத்திலேயே சுஷிச் சோற்றுக்கெனத் தனிக்கோடு இருக்கும். விரலளவு கொம்புக் கடற்பாசித் துண்டு ஒன்றைப் போட்டு வேகவைத்தால் மணம் கூடும்.

70 மி.லி. அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கரையும்வரை கலக்குங்கள். சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே அகலமான பாத்திரத்தில் கொட்டி இதை ஊற்ற வேண்டும்; ஆறிய சோறு வினிகரை உறிஞ்சாது. அகப்பையைச் சாய்வாகப் பிடித்து வெட்டுவதுபோல் புரட்டுங்கள். சாம்பார் சாதம் கிளறும் பழக்கத்தில் குழைத்துவிட்டால் அன்றைய விருந்து முடிந்தது. ஒருவர் புரட்ட மற்றொருவர் விசிற வேண்டும். விசிறுவதால் மேலே நிற்கும் ஈரம் போய்ப் பருக்கை பளபளப்பாகும். உங்கள் மகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். கைச்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி வெளியிலேயே வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சோறு இறுகிவிடும்.

மீனைப் பேரங்காடியில் சஷிமிக்கு, அதாவது பச்சையாக உண்பதற்கு, என்று எழுதியிருப்பதாகப் பார்த்து, செங்கல் வடிவில் வெட்டிய கட்டியாக வாங்குங்கள். தெமாகிக்கு விரல் பருமனில் நீளமாக நறுக்க வேண்டும். கத்தியை முன்னும் பின்னும் அறுக்காமல், அடிப்பகுதியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தால் சதை நசுங்காது. கூடவே வெள்ளரி, அவகாடோ, ஷிசோ என்னும் மண இலை, மயோனைஸ் கலந்த டப்பாச் சூரை. எலுமிச்சை ஊறுகாயை வைத்துச் சுருட்டுவோரும் நம்மில் உண்டு. அதைச் சுஷி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் தட்டு காலியாவதைப் பார்த்திருக்கிறேன்.

நோரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கியூஷுவின் அரியாகே கடலில் விளைந்தது நல்லது. முழுத் தாள் 21 செ.மீ.க்கு 19 செ.மீ. இருக்கும், அதை நான்காக வெட்டி, பரிமாறும் வரை பையை மூடியே வையுங்கள். சோறு பட்டதும் நமுக்கத் தொடங்கும் என்பதால் சுருட்டிய கையோடு வாயில் போட வேண்டும். இந்த நோரிக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். நோரிப் பாசி கோடையில் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியாததால், விளைச்சல் கடலின் தயவில்தான் இருந்தது. சிப்பி ஓட்டுக்குள் நுண்ணிழையாக வாழும் அதன் மறுபருவத்தை கேத்லீன் ட்ரூ-பேக்கர் 1949இல் கண்டறிந்து எழுதினார். அதைக் கொண்டே ஜப்பானியர் செயற்கை விதைப்பைத் தொடங்கினார்கள். ஜப்பானுக்கு வந்தே அறியாத அவருக்குக் குமாமோதோ மாநிலத்தின் உதோ நகரில் நினைவுக்கல் வைத்து ஆண்டுதோறும் நன்றி செலுத்துகிறார்கள்.

நுண்ணுயிர்ப்பிரியன் பதில்:

தம்பியின் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்: சேரும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கடல் மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற புழுதான் முதன்மையான கவலை. ஜப்பானில் பதிவாகும் உணவு நஞ்சு நிகழ்வுகளின் எண்ணிக்கையில் 2018 முதல் 2024 வரை அதுவே முன்னிலையில் இருந்தது. வினிகரும் வசாபியும் சோயா சாஸும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 பாகையில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தாலோ, 60 பாகைக்கு மேல் ஒரு நிமிடம் சூடாக்கினாலோ இறந்துவிடும் என்பது இந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டல். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதி அந்த அளவுக்கு உள்ளே வரை குளிர்விக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தொலைகடலில் பிடித்து உடனே உறையவைத்த சூரை, தீவனம் போட்டு வளர்த்த பண்ணைச் சால்மன் ஆகியவற்றில் இந்த இடர் குறைவு. சபா என்னும் கானாங்கெளுத்தி இன மீனில் அதிகம். ஆகவே வீட்டில் சபாவைத் தாமே வினிகரில் ஊறவைப்பதைத் தவிர்த்து, உறையவைத்துப் பக்குவம் செய்ததை வாங்குங்கள். உண்ட சில மணி நேரத்தில் வயிற்றில் கடும் வலி வந்தால் மருத்துவரிடம் என்ன மீன் உண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உள்நோக்கிக் குழாயால் புழுவை எடுத்துவிடுவார்கள்.

தம்பிக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அதே ஆசையில் துறைமுகத்தில் துள்ளும் மீனை வாங்கிப் பச்சையாக நறுக்க வேண்டாம். மீன் புதிதாக இருப்பதும் பச்சையாக உண்ணத் தகுந்ததாக இருப்பதும் ஒன்றல்ல. படகிலிருந்து தட்டுவரை உள்ள குளிர்ச்சங்கிலியும் கையாளும் முறையும்தான் இங்கே காப்பாற்றுகின்றன.

மரக்கறிச் சமையலறை பதில்:

மாமியார் விஷயத்தில் சற்று கவனம் வேண்டும் ஐயா. கடையில் வெள்ளரிச் சுருள், ஊறவைத்த பிளம்பழமும் ஷிசோவும் வைத்த சுருள், நொதித்த சோயாவான நத்தோச் சுருள் ஆகியவை கிடைக்கும். நத்தோவின் வாடையை அம்மா தாங்குவாரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். கண்ணுக்குச் சைவமாகத் தெரியும் வேறு சிலவற்றில்தான் சிக்கல். கன்பியோச் சுருளில் இருப்பது நம் சுரைக்காய். அதை நாடாவாகச் சீவி உலர்த்துவார்கள், இந்நாட்டில் விளைவதில் பெரும்பகுதி தொசிகி மாநிலத்தைச் சேர்ந்தது. அதையும், இனாரி சுஷியில் சோற்றை அடைக்கும் பொரித்த தோஃபுப் பையையும் (தோஃபு என்பது சோயாக் கட்டி) வழக்கமாகத் தாஷி எனப்படும் மீன் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். மிசோ சூப், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸின் சாறு எல்லாவற்றிலும் காத்சுவோபுஷி என்னும் உலர்ந்த சூரைச் சீவல் இருக்கும். தெம்புராவின் மாவிலும் முட்டை சேர்ப்பதுண்டு. "மீன் இல்லை" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், மீன் துண்டு இல்லை என்பதே பெரும்பாலும் அவர் பொருளாக இருக்கும்; "தாஷியிலும் மீன் கூடாது" என்று எழுதிக் காட்டுங்கள். நம்மூர்க் கடைகளில் வத்தக்குழம்பில் என்ன எண்ணெய் என்று கேட்பதைவிட நுட்பமான விசாரணை இது.

வீட்டில் இந்தக் கவலை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்புவையும் நான்கைந்து உலர்ந்த ஷீதாகே காளான்களையும் போட்டு இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காலையில் மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் கொம்புவை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். இந்தச் சாற்றில் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து, வெந்நீரில் எண்ணெய் நீக்கிய தோஃபுப் பைகளை வேகவைத்து, ஒசாகா அத்தையின் சோற்றை அடைத்தால் மாமியாருக்கு முழுமையான இனாரி கிடைக்கும். இகெதா கிகுனாயே என்ற டோக்கியோ பேராசிரியர் 1908இல் சுவை தரும் பொருளான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்ததும் இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். காளான் அதோடு சேரும்போது சுவை பன்மடங்காகிறது, மீன் இல்லாத குறையே தெரியாது. நேரமும் பணமும் இடம் கொடுத்தால் அவரைப் பௌத்தக் கோயில்கள் நிறைந்த கோயா மலையின் கோயில் விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்கச் செய்யுங்கள். அங்கே துறவிகளின் உணவில் மீனும் இறைச்சியும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. எள்ளில் செய்த தோஃபு ஒன்றே அந்தப் பயணத்துக்கு ஈடு.

நிஷிகசாய்வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் சுழலும் கடை, வார இறுதியில் வீட்டில் தெமாகியும் இனாரியும், நானும் தம்பியும் மட்டும் ஒரு மதியம் கொஹாதா என்று முடிவு செய்துவிட்டோம். கோயா மலையை மனைவி குறித்துவைத்திருக்கிறாள். ஒரே ஓர் ஐயம்: நம் வீட்டு வழக்கப்படி சோறு எப்படியும் மிஞ்சும். மறுநாளுக்கு வைக்கலாமா?

ஒசாகா அத்தை:

மிஞ்சிய சஷிமியை அன்றிரவே சோயா சாஸும் சிறிது மிரின் என்னும் இனிப்பான அரிசி மதுவும் கலந்து ஊறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மறுநாள் வாணலியில் வாட்டி உண்ணலாம், பச்சையாக வேண்டாம். சோற்றையும் அன்றே மூடி உள்ளே வைத்துவிடுங்கள். இறுகிப்போகும் என்பதால் மீண்டும் சுஷிக்கு ஆகாது. நன்றாகச் சூடாக்கித்தான் உண்ண வேண்டும். காலையில் கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம், மஞ்சள் தாளித்து அதில் கொட்டிக் கிளறுங்கள். வினிகர் ஏற்கெனவே இருப்பதால் எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை. சர்க்கரையும் இருப்பதால் பச்சை மிளகாயை வழக்கத்தைவிட இரண்டு கூட்டிப் போடுங்கள், மகளுக்கு மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு.